துவக்கைப் புதைக்கச் சொன்ன மனிதர்

மே 18 எங்களுக்கு வேறொரு நாள். அன்றைக்கு இன்னொருவரின் நினைவை எடுத்துப் பேச மனம் வராது. பிராங்க் எய்க்கன் என்ற ஐரிஷ்காரர் டப்ளினில் 85ஆவது வயதில் இறந்ததும் ஒரு மே 18இல்தான், 1983ஆம் ஆண்டில். அந்த வாரத்தில் எழுதியிருக்க வேண்டிய இந்தக் கட்டுரையை நான் தள்ளிப்போட்டதற்குக் காரணம் அதுதான்.

எண்பதுகளில் எங்கள் ஊர்ப் பெடியள் அயர்லாந்தைப் பற்றி நிறையப் பேசினார்கள். மைக்கல் கொலின்ஸ், டி வலேரா என்ற பெயர்கள் வாசிகசாலை மேசையில் அடிபடும். எய்க்கனின் பெயரை அப்போது நான் கேட்டதில்லை. பல வருடங்களுக்குப் பிறகு, வேறொரு கேள்விக்குப் பதில் தேடிப் போனபோதுதான் அவரைக் கண்டேன்.

எங்கள் காணி முகமாலைப் பக்கம். இரண்டு தரப்பும் வருடக்கணக்கில் முகத்துக்கு முகம் நின்ற இடம். போர் முடிந்து பல காலமாகியும் வேலியோரம் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை நின்றது. 2017 டிசம்பரில் இலங்கை, ஆட்களைக் கொல்லும் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி 2028 யூன் முதலாம் திகதிக்குள் நிலத்தைத் துப்புரவாக்க வேண்டும். அந்தச் செய்தியை நான் வாசித்துக் காட்டியபோது அம்மா ஒன்றைத்தான் கேட்டார்: கையெழுத்து வைத்தவர்கள் செய்யாவிட்டால் அவர்களை யார் கேட்பது? வரலாறு படிப்பித்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தேடத் தொடங்கினேன். இவ்வகை ஒப்பந்தங்களில் ஆகப் பெரியது அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தம். அதன் தொடக்கத்துக்குப் போனால் அங்கே ஒரு பழைய கெரில்லாத் தளபதி நிற்கிறார்.

எய்க்கன் 1898 பெப்ரவரி 13இல் ஆர்மா மாவட்டத்தின் கம்லோ என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பன் கட்டட வேலைகளை எடுத்துச் செய்தவர். நியூரி நகரில் படித்த பிள்ளை, பதினாறு வயதில் ஐரிஷ் மொழி இயக்கத்துக்குள்ளும் அங்கிருந்து தொண்டர் படைக்குள்ளும் போனது. 1920 டிசம்பரில் தன் சொந்தக் கிராமத்துப் பொலிஸ் நிலையத்தைத் தாக்கப் போனார். தாக்குதல் வெற்றிபெறவில்லை. பதிலுக்கு அரசின் விசேட பொலிஸ் படை அவருடைய வீட்டையும் அயலிலிருந்த உறவினர்களின் பத்து வீடுகளையும் எரித்தது. 1921 மார்ச்சில், 23 வயதில், அவர் ஐரிஷ் குடியரசுப் படையின் நான்காவது வடக்குப் பிரிவுக்குத் தளபதியானார்.

அந்தப் பிரிவின் கணக்கில் ஓர் இரத்தக் கறை உண்டு. அதை மறைத்து இவரைப் பற்றி எழுத நான் விரும்பவில்லை. 1922 யூன் 17இல், நியூரிக்குப் பக்கத்தில் அல்ட்னவேக் என்ற இடத்தில், அவருடைய பிரிவைச் சேர்ந்தவர்கள் ஆறு புரட்டஸ்தாந்துப் பொதுமக்களைக் கொன்றார்கள். அதற்கு முந்திய நாட்களில் கத்தோலிக்கர்களுக்கு நடந்த கொடுமைகளுக்கான பழிவாங்கல் அது. ஆனால் இறந்தவர்கள் அந்தக் கொடுமைகளைச் செய்தவர்கள் அல்ல. எய்க்கனின் பொறுப்பு எவ்வளவு என்பதில் அவருடைய வாழ்க்கையை எழுதுபவர்கள் இன்றும் பிணங்குகிறார்கள். அங்கே அந்த ஆறு பேரின் குடும்பங்களுக்கு அவர் சமாதானத் தூதர் அல்லர். அவர்களுடைய பக்கத்தில் அது நியாயம்.

அந்த மாதக் கடைசியில் ஐரிஷ்காரர்களுக்குள்ளேயே யுத்தம் தொடங்கியது. பிரித்தானியாவோடு செய்த ஒப்பந்தத்தை ஏற்றவர்கள் ஒரு பக்கம், ஏற்காதவர்கள் மறுபக்கம். எய்க்கனின் ஊர் எல்லைக்கோட்டின் வடக்கே, பிரித்தானியாவின் கையிலேயே விடப்பட்டது. அவருக்கு அந்த ஒப்பந்தம் பிடிக்கவில்லை, ஆனாலும் பழைய தோழர்களைச் சுடவும் விருப்பமில்லை. நடுவில் நிற்கப் பார்த்தார். நடுவில் நிற்க ஒருவரும் விடவில்லை. யூலையில் டன்டோக் நகரில் அரசாங்கப் படை அவரைப் பிடித்து அடைத்தது. பத்து நாளில் சிறைச் சுவரை வெடிவைத்துத் திறந்து வெளியேறினார். ஓகஸ்ட் 14இல் அதே நகரைத் திடீரெனத் தாக்கிப் பிடித்தார். பிடித்தவர் செய்த அடுத்த வேலை விநோதமானது. சந்தைச் சதுக்கத்தில் ஆட்களைக் கூட்டி, இந்தச் சகோதர யுத்தத்தை நிறுத்தும்படி கேட்டார்.

1923 ஏப்ரல் 10இல் தலைமைத் தளபதி லியாம் லின்ச் மலைச் சரிவில் சுடப்பட்டார். அப்போது எய்க்கன் அவருடன் இருந்தார். சில நாட்களில் அந்தப் பதவி அவரிடம் வந்தது. ஏப்ரல் 30இல் தாக்குதல்களை நிறுத்தச் சொன்னார். மே 24இல் கடைசிக் கட்டளை போனது: ஆயுதங்களைப் புதைத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும். அந்தக் கட்டளையில் சரணடைவு என்ற சொல்லும் இல்லை, ஒப்படைப்பு என்ற சொல்லும் இல்லை.

இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். ஒரு கட்டளையால் ஒரு யுத்தம் நின்றது. அது பெரிய காரியம். ஆனால் எத்தனை துவக்கு, எந்தத் தோட்டத்தில், யாருடைய வைக்கோற்போரின் கீழ் என்று வெளியிலிருந்து எவரும் எண்ணவில்லை. புதைத்தவனுக்குத் தெரிந்த இடம் புதைத்தவனுக்கு மட்டுமே தெரியும். 1927 யூலையில் அரசாங்கத்தின் இரண்டாம் நிலைத் தலைவரான கெவின் ஓ ஹிகின்ஸ் தேவாலயத்துக்குப் போகும் வழியில் சுடப்பட்டார். சுட்டவர்கள் எந்தத் தலைமையின் உத்தரவையும் எதிர்பார்க்காத பழைய இயக்கத்தவர்கள். எண்ணாமல் விட்ட ஆயுதம் என்னவாகும் என்பதை எய்க்கன் புத்தகத்தில் படிக்கவில்லை. தானே கட்டளை கொடுத்து, தானே அதன் விளைவையும் பார்த்தவர்.

டி வலேராவோடு சேர்ந்து 1926இல் பியானா போல் கட்சியை ஆரம்பித்தார். 1923 முதல் 1973 வரை லவுத் தொகுதி அவரை விடாமல் தெரிவுசெய்தது. 1932இல் அவருடைய கட்சி ஆட்சிக்கு வந்தபோது, ஒன்பது வருடங்களுக்கு முன் எந்த இராணுவத்தோடு மோதினாரோ அந்த இராணுவத்துக்கே பாதுகாப்பு அமைச்சரானார். பதவியேற்ற கையோடு சிறைக்குப் போய் இயக்கக் கைதிகளைச் சந்தித்தார். மறுநாள் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். பழைய தோழர்களை உள்வாங்கவென்று 1934இல் ஒரு தொண்டர் படையையும் உருவாக்கினார். வந்தவர்கள் வந்தார்கள். வராதவர்களின் இயக்கத்தை அதே அரசாங்கம் 1936இல் தடைசெய்தது.

1939 டிசம்பரில் டப்ளினின் பீனிக்ஸ் பூங்காவில் இருந்த இராணுவ வெடிமருந்துக் கோட்டைக்குள் இயக்கத்தவர்கள் புகுந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ரவைகளை லொறிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரும்பகுதி சில நாட்களில் மீட்கப்பட்டது. ஓர் அரசாங்கம் தன் சொந்தக் களஞ்சியத்தையே பூட்டிவைக்கத் தெரியாமல் நின்ற கதை அது. அப்போது எய்க்கன் பாதுகாப்பு ஒழுங்கிணைப்பு அமைச்சராக அமைச்சரவையில் இருந்தார். 1944 டிசம்பரில் அந்த அரசாங்கம் சார்ளி கெரின்ஸ் என்ற இளைஞரைத் தூக்கிலிட்டது. கெரின்ஸ் அப்போது இயக்கத்தின் தலைமைத் தளபதி. அதே பதவியில் 21 வருடங்களுக்கு முன் இருந்தவர் அந்த அமைச்சரவையின் மேசையில் இருந்தார். இதை எப்படி எடுப்பது என்று என்னைக் கேட்டால், இன்றும் என்னிடம் ஒரு சொல் இல்லை.

இடையில், 1941இல், ஆயுதம் கேட்டு வொஷிங்டன் போனதும் இவர்தான். நடுநிலை நாட்டுக்கு ஆயுதம் தர ரூஸ்வெல்ட் விரும்பவில்லை. கோபத்தில் ஜனாதிபதி மேசைவிரிப்பைப் பிடித்து இழுக்க, கரண்டிகள் பறந்தன என்று ஒரு கதை உண்டு. ஆயுதத்தைத் தேடி அலைந்த நாட்டின் அவமானமும் அவருக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். மற்றப்படி அவர் தோட்டமும் கருவிகளும் என்று திரிந்த மனிதர். எரிமண்ணில் எரியும் அடுப்பொன்றுக்குக் காப்புரிமை கூட எடுத்தவர்.

அயர்லாந்து 1955 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தது. 1957இல் எய்க்கன் இரண்டாவது முறையாக வெளிவிவகார அமைச்சரானார். வருடாவருடம் பல வாரங்கள் நியூயோர்க்கிலேயே இருந்தார். ஊரில் அதைப் பற்றிக் குறை சொன்னார்கள். வந்த முதல் வருடமே, சீனாவின் ஆசனத்தைப் பற்றி விவாதிக்கலாம் என்று வாக்களித்து அமெரிக்காவையும் அங்கிருந்த கத்தோலிக்கத் தலைமையையும் ஆத்திரப்படுத்தினார்.

1958 ஒக்டோபரில், அணுவாயுதம் மேலும் பல நாடுகளுக்குப் பரவுவதைத் தடுக்கவேண்டும் என்று ஒரு தீர்மான வரைவைக் கொண்டுவந்தார். அன்று குண்டு இருந்தது மூன்று நாடுகளிடம்: அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரித்தானியா. பிரான்ஸ் வாசலில் நின்றது. அவருடைய வாதம் ஒரு பழைய போராளியின் வாதம். இன்று பெரிய நாடுகளின் கையில் மட்டும் இருக்கும் ஆயுதம் நாளை சின்ன நாடுகளின் கைக்கு வரும், அதன் பிறகு புரட்சிக் குழுக்களின் கைக்கும் வரும். துவக்குக்கு அப்படித்தான் நடந்தது, இயந்திரத் துப்பாக்கிக்கும் அப்படித்தான் நடந்தது. அந்தப் பாதையின் கடைசிக் கண்ணியில் தானே நின்றவர் என்பதால் அந்தப் பேச்சுக்கு ஒரு கனம் இருந்தது.

முழு வரைவும் நிறைவேறாது என்று தெரிந்ததும், பரவலின் ஆபத்தைக் குறிப்பிடும் ஒரு பந்தியை மட்டும் தனியாக வாக்கெடுப்புக்கு விடச் சொன்னார். ஆதரவு 37. எதிர்ப்பு எதுவுமில்லை. 44 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அதைப் பதிவில் ஏற்றிவிட்டு வரைவை மீளப்பெற்றார். துணிந்து எதிர்க்க எவருக்கும் முகமில்லை என்பதை எல்லோருக்கும் காட்டியாயிற்று.

1959இல் மறுபடி வந்தார். இம்முறை, குண்டு உள்ளவர்கள் அதன் கட்டுப்பாட்டை மற்றவர்களிடம் கொடுக்கக்கூடாது, இல்லாதவர்கள் செய்யக்கூடாது என்ற உடன்பாடு சாத்தியமா என்று ஆராய வேண்டும் என்றது தீர்மானம். அதற்குள் இரண்டு சொற்கள் இருந்தன: பரிசோதனை, கட்டுப்பாடு. 1923இல் இல்லாமல் போனவை அவை. 68 நாடுகள் ஆதரித்தன, 12 ஒதுங்கின. அந்த வருடம் ஒதுங்கியவர்களில் சோவியத் அணி இருந்தது. மறுவருடம் சோவியத் அணி ஆதரிக்க, அமெரிக்கா ஒதுங்கியது. ஐரோப்பாவிலுள்ள தன் கூட்டாளிகளோடு குண்டைப் பகிரும் திட்டம் அதற்கு இருந்தது. மேற்கு ஜேர்மனியின் கைக்கு அது போய்விடுமோ என்பது மொஸ்கோவின் பயம். எய்க்கன் சொற்களை மாற்றி மாற்றி எழுதினார். 1961 டிசம்பர் 4இல், நான்காவது முயற்சியில், பொதுச்சபை வாக்கெடுப்பில்லாமல் ஏகமனதாக ஏற்றது. அதை ஐரிஷ் தீர்மானம் என்றே சொல்வார்கள்.

அதிலிருந்து ஒப்பந்தம் வர இன்னும் ஏழு வருடங்கள் போயின. 1968 யூலை முதலாம் திகதி கையெழுத்துக்குத் திறந்தபோது எய்க்கன் மொஸ்கோவில் இருந்தார். முதற் கையெழுத்தை வைக்கும் மரியாதை அவருக்குக் கொடுக்கப்பட்டது. அன்றே அயர்லாந்து அதை உறுதிப்படுத்தியும்விட்டது. இலங்கையும் அதே நாளில் கையெழுத்து வைத்தது. ஆனால் உறுதிப்படுத்தியது 1979இல். கையெழுத்துக்கும் கடமைக்கும் இடையில் பதினொரு வருட இடைவெளி.

அம்மாவின் கேள்விக்கு இனித்தான் வருகிறேன். அந்தக் காகிதத்தில் உள்ள ஓட்டைகளைப் பார்த்தால் பதில் தெரியும்.

1967க்கு முன் குண்டை வெடித்துப் பார்த்த ஐந்து நாடுகள் அதை வைத்திருக்கலாம். மற்றவர்கள் தொடக்கூடாது. ஐவரும் குறைப்பதற்கு நல்லெண்ணத்தோடு பேசுவார்கள் என்று ஆறாம் பிரிவு சொல்கிறது. அதற்குத் திகதி இல்லை, பரிசோதகரும் இல்லை. இல்லாதவர்களுக்கோ வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகவரகத்திலிருந்து பரிசோதகர்கள் வருவார்கள். ஆனால் நெடுங்காலமாக அவர்கள் பார்த்தது அந்தந்த நாடு தானாக அறிவித்த இடங்களையும் பொருட்களையும்தான். ஈராக் 1969லேயே ஒப்பந்தத்தை உறுதிப்படுத்திய நாடு. பரிசோதகர்கள் ஒழுங்காக வந்துபோனார்கள். 1991 யுத்தத்துக்குப் பிறகு தேடியபோது, அவர்களுக்குக் காட்டாத கட்டடங்களில் இரகசிய வேலைத்திட்டம் ஒன்று நடந்தது தெரியவந்தது. புதைத்தவன் காட்டிய குழியை மட்டும் தோண்டிப் பார்த்த கதை. அதன் பிறகுதான், 1997இல், அறிவிக்காத இடங்களையும் பார்க்க இடம்தரும் மேலதிக நெறிமுறை வந்தது. அதையும் ஏற்பதா இல்லையா என்பது நாட்டின் விருப்பம்.

பிழை பிடிபட்டால் முகவரகம் பாதுகாப்புச் சபைக்கு அனுப்பும். அங்கே வீட்டோ அதிகாரத்தோடு இருப்பவர்கள் அதே ஐவர். பிடிக்காவிட்டால் மூன்று மாத அறிவித்தலோடு விலகவும் பத்தாம் பிரிவு வழிவிடுகிறது. வட கொரியா 2003இல் விலகுவதாக அறிவித்தது, 2006இல் குண்டு வெடித்தது. இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல் மூன்றும் சேரவேயில்லை. நியாயமாகச் சொன்னால் மறுபக்கமும் உண்டு. தென்னாபிரிக்கா தான் செய்த ஆறு குண்டுகளைத் தானே கழற்றிவிட்டு 1991இல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

வாக்குறுதி நாடுகளுடையது, கடத்தல் வியாபாரிகளுடையது என்பதும் பிறகு தெரிந்தது. 2003 ஒக்டோபரில் லிபியாவுக்குப் போன கப்பலொன்றில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களின் பாகங்கள் பிடிபட்டன. பாகிஸ்தான் விஞ்ஞானி ஏ. கியூ. கானின் வலையமைப்பு அது. பாகங்கள் செய்யப்பட்டது மலேசியாவில். இடையில் நின்று ஒழுங்குசெய்ததாக மலேசியப் பொலிஸ் அறிக்கை சொன்ன டுபாய் வணிகர் ஓர் இலங்கைப் பிரஜை. அடுத்த வருடம் பாதுகாப்புச் சபை 1540ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஒவ்வொரு நாடும் சட்டம் இயற்ற வேண்டும், ஏற்றுமதியைக் கண்காணிக்க வேண்டும், சுங்கத்தைப் பலப்படுத்த வேண்டும். எழுதுவது சுகம். கொள்கலனுக்குள் கிடக்கும் அலுமினியக் குழாய் தண்ணீருக்கா செறிவூட்டலுக்கா என்று பார்த்தறியும் சுங்க உத்தியோகத்தர் எத்தனை நாடுகளில் இருக்கிறார்? அரிசிக்கே காசு தேடும் அரசாங்கங்கள், ஓர் அறிக்கையை அனுப்பிவிட்டு அலுமாரியை மூடிவிடுகின்றன. இதில் கள்ள மனம் இல்லாத நாடுகளும் தவறுகின்றன. கை போதாமல் தவறுகின்றன.

1995இல் இந்த ஒப்பந்தத்தைக் காலவரையறையின்றி நீடித்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் எங்கள் நாட்டவரான ஜயந்த தனபால. வாக்கெடுப்பில்லாமல் முடித்தார். இல்லாத நாடுகள் நிரந்தரமாகக் கட்டுப்பட்டன. பதிலுக்கு ஐவர் தந்தது மறுபடியும் வாக்குறுதிகள். 2005இலும், 2015இலும், 2022இலும் மீளாய்வு மாநாடுகள் இறுதி ஆவணத்தில் உடன்பாடில்லாமல் கலைந்தன.

எய்க்கன் இவற்றைப் பார்க்க உயிரோடில்லை. அவருக்கு வந்த சோதனை வீட்டுக்குள்ளிருந்து வந்தது. 1969 யூலையில் அமைச்சர் பதவியை விட்டார். அடுத்த மாதமே வடக்கில் வீடுகள் எரிந்தன, அகதிகள் எல்லை கடந்து வந்தார்கள். 1970இல் அவருடைய கட்சியின் நிதி அமைச்சர் சார்ல்ஸ் ஹோகி, வடக்குக்காகச் சட்டவிரோதமாக ஆயுதம் இறக்கச் சதிசெய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. எய்க்கன் விடுவிக்கவில்லை. பிறந்த ஊரே எரிந்துகொண்டிருக்கும்போதும், அரச பதவியில் உள்ளவர் மறைவாக ஆயுதம் எடுப்பதை அவர் ஏற்கவில்லை. 1973 தேர்தலுக்கு ஹோகியைக் கட்சி வேட்பாளராக ஏற்றபோது, ஐம்பது வருட அரசியலை ஒரே நாளில் விட்டார். காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்லப் போனவரைப் பழைய தோழர்கள் தடுத்தார்கள். வைத்தியரின் ஆலோசனைப்படி ஓய்வு என்று நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. ஹோகி 1979இல் பிரதமரானார்.

இறந்ததும் அவரை எல்லைக்கு வடக்கே, கம்லோவில் அடக்கம் செய்தார்கள். அந்த மலைகளில் அப்போது பிரித்தானியச் சிப்பாய்கள் நின்றார்கள். அந்த மண்ணுக்குள் புதிய தலைமுறையின் துவக்குகள் கிடந்தன.

அவற்றின் கதை 2005 செப்டெம்பரில் முடிந்தது. கனடியத் தளபதி ஜோன் டி சாஸ்டலெயினின் தலைமையிலான சுயாதீன ஆணைக்குழு ஒன்று ஆயுதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, செயலிழக்கச் செய்தது. பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் குருவும் ஒரு மெதடிஸ்த போதகரும் சாட்சிகளாக நின்றார்கள். இம்முறை எண்ணினார்கள். பட்டியலை மட்டும் வெளியிடவில்லை.